நகை விலை ஏறுது எண்டு மேல மேல காசு எடுக்காதீங்க தங்கச்சி

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில ஒரு ஹொட்டேல்ல ரிசப்ஷன் வேலை, கைக்கு 58,000 வருது, சீசன்ல சேர்விஸ் சார்ஜ் இன்னொரு 20,000 மட்டில வரும். கிழமைக்கு ரெண்டு பின்னேரம் டவுன்ல பொது மற்றும் தொழில்முறைத் தொடர்பாடல் டிப்ளோமா படிக்கிறன், ஃபீஸ் மாசம் 10,000. அண்ணாட ஓட்டோ லீசிங்குக்கு 15,000 குடுக்கிறன். அம்மாட சங்கிலிய 1,50,000க்கு அடகு வச்சன், ஒவ்வொரு தரமும் புதுப்பிக்கேக்க நகை விலை ஏறியிருக்கு எண்டு கொஞ்சம் கூட எடுத்து இப்ப 3,20,000, வட்டி 18 வீதம். இப்ப காலேஜில லண்டன் டொப்-அப் டிகிரி (டிப்ளோமாவுக்கு மேல படிச்சு அதை டிகிரி ஆக்கிறது) 6,50,000, தவணையில கட்டலாமாம். சேரவா, இல்ல படிப்பையே விடவா?

பதில்: படிப்பை விடாதீங்க. உங்கட கடிதத்தில பிழையா இருக்கிறது 10,000 ஃபீஸ் இல்ல, அந்த "கொஞ்சம் கூட எடுத்து" எண்ட மூண்டு சொல்லுத்தான். நகை விலை ஏறினா அது அம்மாட லாபம், நீங்க அதை ஒவ்வொரு தரமும் கடனா மாத்தி அண்ணாட கையில குடுத்திருக்கிறீங்க, நாளைக்கு விலை இறங்கினா புதுப்பிக்கிற நேரம் வித்தியாசத்தை நீங்கதான் கட்டவேணும், கட்ட ஏலாட்டி நகை ஏலத்துக்குப் போயிடும்.

கணக்கைப் பாருங்க. வட்டி மட்டும் மாசம் 4,800, வருசத்துக்கு 57,600, கிட்டத்தட்ட ஆறு மாச ஃபீஸ். வீட்டுக்கு 20,000, பஸ் சாப்பாடு ஃபோன் 10,000 எண்டு வச்சாலே எல்லாம் சேர்த்து 59,800 வருது, மாசம் 1,800 துண்டு விழுது, அந்தத் துண்டுதான் திரும்ப அடகுக்கு இழுக்குது.

அண்ணாவோட கதைக்கிறது கஷ்டம்தான், ஆனா "என்னால ஏலாது" எண்டு பொதுவாச் சொன்னா அழுகையும் சண்டையும்தான் மிஞ்சும். தொகையும் திகதியும் சொல்லுங்க: அடுத்த மாசத்தில இருந்து 5,000தான், மூண்டு மாசத்துக்குப் பிறகு ஒண்டும் இல்ல. மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் நிலாவெளிப் பக்கம், புறாமலைத் தீவுக்குப் போற வெள்ளைக்காரர் எண்டு ஹயர் ஓடும், அவரால சமாளிக்கலாம். லீசிங்குக்கு நீங்க பிணை கையெழுத்து வச்சிருக்கிறீங்களோ எண்டு எழுதேல்ல. வச்சிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து போய் தவணையைக் குறைச்சு நீட்டித் தரச்சொல்லி இப்பவே கேளுங்க, நிலுவை விழுந்தபிறகு கேட்டா மதிக்கமாட்டாங்க.

மிச்சப்படுற 10,000ல துண்டு போக 8,200, அதோட சீசன் சேர்விஸ் சார்ஜ் முழுக்க, எல்லாத்தையும் அடகு முதலுக்குக் கட்டுங்க. அஞ்சு மாசத்தில முதலில ஒன்றரை லட்சம் மட்டில குறையும், வட்டி 2,500 சொச்சத்துக்கு வந்திடும்.

டொப்-அப்பை இப்ப தொடவே வேண்டாம். ரெண்டு வருசத் தவணை எண்டாலே மாசம் 27,000, உங்கட சம்பளத்தில பாதி! கையில டிப்ளோமாவே இல்லாத பிள்ளைக்கு அடுத்ததை விக்க அவசரப்படுறவையை நான் நம்புறதில்ல. முதல்ல இந்தக் காலேஜ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில பதிவோ, இந்த டிப்ளோமாவுக்கு என்விக்யூ (தேசிய தொழிற் தகைமை) மட்டம் இருக்கோ எண்டு பாருங்க. கோணேசபுரியில கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில தொடர்பாடல் மற்றும் வணிகக் கற்கைகள் பீடமே இருக்கு, வெளி ஆக்களுக்கு ஏதும் கோர்ஸ் இருக்கோ எண்டு ஒருக்கா போய்க் கேட்டா பஸ் காசு மட்டும்தான் செலவு.

படிச்சதை வேலையிலயே காட்டுங்க. கெஸ்ட் முறைப்பாட்டுக்குப் பதில் மெயில், குழு புக்கிங் கடிதம், இதெல்லாம் உங்களிட்ட தரச்சொல்லி மனேஜரிட்ட கேட்டு, எழுதினதில நல்லதை ஒரு ஃபைலில சேருங்க. அடுத்த இன்டர்வியூவில சம்பளம் பேச அது உதவும்.

அடகு ரசீதில அடுத்த திகதி எப்ப எண்டு இண்டைக்கே பாருங்க. அண்டைக்கு கவுண்டருக்குத் தனியாப் போங்க, வட்டியோட முதலிலயும் கொஞ்சம் கட்டுங்க, மேல எவ்வளவு எடுக்கலாம் எண்டு கேக்கவே கேக்காதீங்க.