சம்பா கோதுமை மணி ஏன் சுருங்கியது?

கேள்வி: ஓசூரை அடுத்த தளி பக்கம் அரை ஏக்கரில் சம்பா கோதுமை போடுகிறேன். இந்தத் தடவை தக்காளி முடிய நாளாகிவிட்டதால், டிசம்பர் பாதியில்தான் விதைக்க முடிந்தது. பயிர் நன்றாகத்தான் இருந்தது, கதிரும் சீக்கிரமே வந்தது. ஆனால் அடித்துப் பார்த்தால் மணி எல்லாம் ஒல்லியாகச் சுருங்கி இருக்கிறது. வியாபாரி விலையைக் குறைத்துவிட்டார். விதைக் கோளாறா, யூரியா பற்றவில்லையா? சுருங்கிய மணியில் புரதம் அதிகம், உடம்புக்கு நல்லது என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா? மிச்சத்தை விதைக்கு வைக்கலாமா?

பதில்: யூரியாவைக் குற்றம் சொல்ல வேண்டாம். விதையின் மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இரண்டு: டிசம்பர் பாதியில் விதைப்பு, சீக்கிரம் வந்த கதிர். கதிர் சீக்கிரம் வந்தால் நமக்கு மகிழ்ச்சியாக இருக்கும். கோதுமையில் அது பெரும்பாலும் வெயிலின் அறிகுறி.

கோதுமை நாள் கணக்கைவிட வெப்பக் கணக்கில்தான் வளரும். சூடு கூடக்கூட ஒவ்வொரு பருவத்தையும் அவசரமாக முடித்துக்கொள்ளும். தூர் கட்டும் நாள் குறையும், இலை குறையும், கதிர் முன்னாடியே எட்டிப் பார்க்கும். இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பெரிய இழப்பு பூத்த பிறகுதான். மணி நிரம்ப இரவு பகல் சேர்ந்த சராசரி 15 முதல் 20 டிகிரி இருந்தால் சுகம். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் மணி நிரம்பும் காலம் சுமார் மூன்று நாள் சுருங்குகிறது. சூட்டில் மணி கொஞ்சம் வேகமாக நிரம்பும் என்பது சரிதான், ஆனால் அந்த வேகம் போன நாட்களை ஈடுகட்டாது. இன்னொன்று, சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்றும் நொதி ஒன்று கோதுமை மணிக்குள் இருக்கிறது. அது சூடு தாங்காத சாதி. இலையில் சத்து இருந்தாலும் மணிக்குள் மாவு சேராது. இரவும் புழுக்கமாக இருந்தால், பகலில் சேர்த்ததில் ஒரு பங்கைப் பயிர் மூச்சுவிட்டே தீர்த்துவிடும்.

உங்கள் தேதிகளைப் பாருங்கள். டிசம்பர் பாதியில் விதைத்தால் பிப்ரவரி பாதிக்கு மேல் பூக்கும், மார்ச் முழுக்க மணி பிடிக்கும். மார்ச்சில் உங்கள் பக்கம் பகல் வெப்பம் 33, 34 டிகிரியைத் தொட்டுவிடும். நவம்பர் முதல் வாரத்தில் விதைத்திருந்தால் ஜனவரியிலேயே பூத்து, பிப்ரவரிக்குள் மணி முற்றியிருக்கும்.

கதிர்கள் மிச்சம் இருந்தால் நாலைந்தைப் பிரித்துப் பாருங்கள். இடையிடையே மணியே இல்லாமல் பொக்காக இருந்தால், பூக்கும் சமயத்தில் சூடு பட்டு மகரந்தம் கெட்டிருக்கிறது. எல்லா இடத்திலும் மணி உட்கார்ந்து, ஆனால் ஒல்லியாக இருந்தால், பூத்த பிறகு பட்ட சூடு. உங்களுடையது இரண்டாவது என்று நினைக்கிறேன். இலையில் துரு நோயின் பொடி இருந்ததா, பால் பிடிக்கும்போது தண்ணீர் பற்றாமல் போனதா என்றும் யோசித்துப் பாருங்கள். அவையும் மணியைச் சுருக்கும்.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2022 மார்ச்சில் வடக்கே அடித்த வெயிலில் பஞ்சாப், ஹரியானா கோதுமை இப்படித்தான் சுருங்கியது. 6 சதவீதம் வரைதான் சுருங்கிய மணியை ஏற்போம் என்றிருந்த கொள்முதல் விதியை, 18 சதவீதம் வரை என்று அரசே தளர்த்த வேண்டியதாயிற்று. அந்த மே மாதம் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. அங்கே பல தலைமுறையாகக் கோதுமை போடுகிறவர்களுக்கே இந்த நிலை.

அடுத்து புரதம். சொன்னவர் பாதி சரி. சுருங்கிய மணியைச் சோதித்தால் புரதச் சதவீதம் கூடத்தான் தெரியும். மாவுச்சத்து குறைந்துபோனதால் விகிதம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு ஏக்கரில் கிடைக்கும் மொத்தப் புரதத்தைக் கணக்கிட்டால் அது கூடியிருக்காது. 35 டிகிரிக்கு மேல் போனால் புரதத்தின் தன்மையும் மாறி, மாவு பிசையும்போது இழுவை குறையும். சம்பா கோதுமையை ரவைக்குத்தான் வாங்குகிறார்கள். ஒல்லி மணியில் உமி, தவிடு பங்கு அதிகம், ரவை குறைவு. வியாபாரி விலை குறைத்ததில் நியாயம் இருக்கிறது. வீட்டுக்கு அரைத்துச் சாப்பிட ஒரு குறையும் இல்லை.

சரி, அடுத்த போகத்துக்கு வருவோம். தேதிதான் முதல் மருந்து. நவம்பர் முதல் வாரத்துக்குள் விதை விழ வேண்டும். அக்டோபரிலேயே போடலாமே என்று தோன்றும். உங்கள் பக்கம் அப்போது மழை அதிகம், வயலில் நீர் தேங்கினால் முளைப்பு கெடும். தக்காளி தாமதமாகிறது என்றால், அந்த வருடம் அந்த நிலத்தில் கொள்ளோ கீரையோ போட்டுவிட்டு, கோதுமைக்கு வேறு துண்டு ஒதுக்குங்கள். டிசம்பர் பாதிக்கு மேல் கோதுமை போடுவது எனக்கு உடன்பாடில்லை.

தண்ணீரில், விதைத்த மூன்றாவது வாரம் வேர் பிடிக்கும்போது ஒன்று, பூக்கும்போது ஒன்று, பால் பிடிக்கும்போது ஒன்று. இந்த மூன்றும் தவறக்கூடாது. வெயில் ஏறினால் சாயங்காலம் மெல்லிசாகப் பாய்ச்சுங்கள். ஈரம் இருக்கும் பயிர் நீராவி விட்டுத் தன்னைத் தானே குளிர்த்திக்கொள்ளும். காற்று பலமாக இருக்கும் நாளில் பாய்ச்சினால் சாய்ந்துவிடும், அன்று விட்டுவிடுங்கள்.

கதிர் வெளியே வராமல் இலை உறைக்குள் புடைத்திருக்கும் தொண்டைக்கதிர் பருவத்தில் ஒரு தடவை, பூக்கும்போது ஒரு தடவை, 13-0-45 என்று கடையில் கிடைக்கும் பொட்டாசியம் நைட்ரேட்டை 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம். பஞ்சாபில் வெயிலுக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். ஓரளவு தாங்கும், தாமத விதைப்பை இது சரிசெய்துவிடாது. யூரியாவைக் கடைசியில் கூட்டிப் போட்டால் பயிர் பச்சையாகவே நின்று இன்னும் வெயிலுக்குள் போகும். மேலுரத்தைத் தூர் கட்டும் பருவத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விதைக்கு இந்த மணியை வைக்க வேண்டாம். முளைக்கும், ஆனால் நாற்று வலு இல்லாமல் வரும். வேறு வழியே இல்லை என்றால் சல்லடையில் சலித்து, தடித்த மணியை மட்டும் எடுத்து, நூறு மணியை ஈரச்சாக்கில் சுற்றி முளைப்பு பாருங்கள். 85-க்குக் கீழே போனால் தள்ளிவிடுங்கள். புது விதை வாங்குவதாக இருந்தால், குன்னூர் வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையத்தில் எச்.டபிள்யூ. 1098 இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் உருவாக்கிய சம்பா ரகம்தான் அது. அக்டோபர் வரை காத்திருக்காமல் ஆடியிலேயே சொல்லிவைப்பது நல்லது.