பால்கனியில் டிஷ் வைத்ததற்காக வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியுமா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் ஒரு பெரிய குடியிருப்பு வளாகத்தின் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியாருக்காகத் தமிழ்ச் சேனல்கள் வரும் டிஷ் ஒன்றை வாங்கினோம். டீலர் அனுப்பிய ஆள் அதைப் பால்கனிக் கம்பியின் வெளிப்புறத்தில் மாட்டிவிட்டுப் போனார். இப்போது லீஸிங் ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. லீஸின்படி, அதாவது வாடகை ஒப்பந்தப்படி, டிஷ் வைக்கக் கூடாது, கட்டிடத்துக்குப் பொது டிஷ் இருக்கிறது, ஏழு நாளில் அகற்றாவிட்டால் நாளொன்றுக்கு 25 டாலர் அபராதம், அதன் பிறகும் எடுக்காவிட்டால் காலி செய்ய வழக்கு என்கிறார்கள். அந்த லீஸில் நாங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: டிஷ் வைத்திருக்கிறீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக அவர்கள் உங்களைக் காலி செய்ய வைக்க முடியாது. ஆனால் அந்த டிஷ் இப்போது தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் சட்டம் உங்களைக் காப்பாற்றாது. எனவே வாதாடுவதற்கு முன்பு அதைக் கம்பிக்கு உள்பக்கம் கொண்டுவாருங்கள். இதை நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.

1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், எஃப்.சி.சி. எனப்படும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் அதே ஆண்டில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. வீடுகளில் டிஷ் வைப்பதை நியாயமின்றித் தடுக்கும், தாமதப்படுத்தும், அல்லது அதன் செலவைக் கூட்டும் தனியார் கட்டுப்பாடுகள் செல்லாது என்பதே அந்த விதி. தொடக்கத்தில் அது சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே பயன்பட்டது. 1999 ஜனவரி 22 முதல் வாடகைதாரர்களுக்கும் பொருந்துகிறது. ஒரு மீட்டருக்கு மிகாத விட்டமுள்ள டிஷ்ஷாக இருக்க வேண்டும். வீடுகளுக்கு விற்கப்படும் டிஷ்கள் பெரும்பாலும் அதைவிடச் சிறியவைதான். “டிஷ் எதுவும் கூடாது” என்று பொத்தாம்பொதுவாகத் தடை போடும் லீஸ் வாசகம், நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும், இந்த விதிக்கு முன்னால் நிற்காது. முன் அனுமதி வாங்க வேண்டும் என்று பொதுவாக அவர்கள் கட்டாயப்படுத்தவும் முடியாது.

இவ்வளவு வலுவான விதியை வைத்துக்கொண்டு வாடகைதாரர்கள் தோற்பது ஒரே ஒரு கேள்வியில்தான்: டிஷ் நிற்கும் இடம் யாருடையது? உங்கள் குடும்பம் மட்டும் தனியாகப் பயன்படுத்தும் இடமாக, உங்கள் லீஸுக்கு உட்பட்ட இடமாக அது இருந்தால்தான் விதி உங்களுக்குத் துணை நிற்கும். பால்கனியும், உங்களுக்கென ஒதுக்கப்பட்ட பேட்டியோவும் (வீட்டை ஒட்டிய திறந்த தளம்) அத்தகைய இடங்கள். கூரை, வெளிச்சுவர், பொதுத் தாழ்வாரம், கட்டிடத்தைச் சுற்றியுள்ள புல்வெளி ஆகியவை அல்ல. உங்கள் டிஷ் கம்பிக்கு வெளியே அந்தரத்தில் நீண்டிருக்கிறது. அந்த அந்தரம் உங்களுடையது இல்லை. ஓர் அடிதான் நீண்டிருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். லீஸிங் ஆபீஸுக்கு அந்த ஓர் அடி போதும்.

உள்ளே வைப்பதற்கு மிக எளிய வழி, முக்காலித் தாங்கியோ, கான்கிரீட் ஊற்றிய வாளியில் நட்ட குழாயோ ஆகும். சுவரிலும் தரையிலும் துளை போடத் தேவையே இல்லை. இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வெளிச்சுவரிலோ கூரையிலோ துளையிடக் கூடாது என்ற லீஸ் நிபந்தனை பெரும்பாலும் செல்லும். அது டிஷ்ஷுக்கான தடையாகக் கருதப்படாமல், கட்டிடத்துக்குச் சேதம் வராமல் தடுக்கும் நியாயமான கட்டுப்பாடாகவே கருதப்படும். கேபிளை உள்ளே கொண்டுவர, ஜன்னல் அல்லது சறுக்குக் கதவின் இடுக்கில் நுழையும் தட்டையான கேபிள் கடைகளில் கிடைக்கிறது. உள்ளே இழுத்தால் மேல்மாடி பால்கனியின் தளம் சிக்னலை மறைக்குமோ என்று பயப்பட வேண்டாம். இந்தச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. நியூ ஜெர்சியில் அவற்றின் சிக்னல் தலைக்கு மேலிருந்து வராமல் தென்திசையிலிருந்து சாய்வாக வருகிறது. இப்போது படம் வருகிறது என்றால் உங்கள் பால்கனி பெரும்பாலும் சரியான திசையைப் பார்த்திருக்கிறது என்று பொருள். வடக்கு நோக்கிய பால்கனி உள்ளவர்களுக்கு இந்த விதியால் ஒரு பயனும் இல்லை. அதற்காக அவர்களுக்குக் கூரையில் உரிமை வந்துவிடுவதும் இல்லை.

இனி அந்த டீலரைப் பற்றி. என்னிடம் வரும் டிஷ் தகராறுகளில் பெரும்பகுதி வீட்டு உரிமையாளரால் தொடங்குவதில்லை. கமிஷனுக்கு விற்கும் இடைத்தரகரும், ஒரு நாளில் எத்தனை வீடு முடித்தோம் என்று பார்க்கும் நிறுவுபவரும்தான் தொடங்கி வைக்கிறார்கள். “சட்டம் உங்கள் பக்கம், எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம்” என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மையைச் சொல்லிப் பணம் வாங்குவது இப்படித்தான். அவர் கம்பியின் வெளிப்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது அங்கே வேலை சீக்கிரம் முடியும் என்பதற்காக. கடிதம் வருவது உங்கள் பெயருக்கு. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், கையில் ரொக்கமாகக் கொடுத்தால் கூரையிலேயே மாட்டித் தருகிறேன் என்பார்கள். ஒரு குடும்பம் அப்படிச் செய்து, வீட்டைக் காலி செய்தபோது கூரைப் பழுதுக்காக முன்பணம் முழுவதையும் இழந்ததைப் பார்த்திருக்கிறேன். மாட்டிய ஆளின் தொலைபேசி எண்கூட அவர்களிடம் இல்லை. வேறு சில நிறுவுபவர்கள் நேர்மாறாக, உரிமையாளரின் அனுமதிக் கடிதம் இல்லாமல் பெட்டியைத் திறக்கவே மாட்டார்கள். அது அவர்களுடைய நிறுவனத்தின் வழக்கமே தவிரச் சட்டத்தின் தேவை அல்ல. ஆனாலும் அந்தத் தாளைத் தேடிப்போய் லீஸிங் ஆபீஸின் வாயில் தாங்களாகவே விழுந்தவர்கள் பலர்.

அதைவிடக் கவலைக்குரியது சந்தா ஒப்பந்தம். பெரியவர்கள் விசிட்டர் விசாவில் பெரும்பாலும் ஆறு மாதம் இருப்பார்கள். டிஷ் ஒப்பந்தமோ பொதுவாக 24 மாதம். நடுவில் நிறுத்தினால் மீதமுள்ள மாதங்களுக்குக் கணக்கிட்டு அபராதம் கேட்பார்கள். உரிமையாளர் தடுத்துவிட்டார் என்றால் அந்த அபராதத்தைத் தள்ளுபடி செய்வார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டீலரின் வாய்மொழிக்கு இதில் மதிப்பு எதுவும் இல்லை. இந்தத் தொல்லையே வேண்டாம் என்று மளிகைக் கடையில் விற்கும், மாதச் சந்தா இல்லாமல் எல்லாச் சேனலும் வரும் பெட்டியை வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை உரிமம் இல்லாத ஒளிபரப்பு. ஒரு நாள் திடீரென நின்றுபோனால் பணத்தைத் திருப்பிக் கேட்க ஆள் இருக்காது.

அடுத்து, “பொது டிஷ் இருக்கிறது” என்ற பதில். இது வெறும் சாக்கு அல்ல. விதியில் உள்ள உண்மையான விலக்கு. எனவே சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். கட்டிடத்துக்கெல்லாம் பொதுவான டிஷ் இருந்தால், தனி டிஷ்ஷை உரிமையாளர் தடுக்கலாம்தான். ஆனால் அதற்கு நான்கு நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேற வேண்டும். நீங்கள் விரும்பும் அதே சேவை, தனி டிஷ்ஷில் உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய அதே சேவை, அதில் வர வேண்டும். படத்தின் தரம் தனி டிஷ்ஷில் வருவதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். செலவு தனி டிஷ்ஷுக்கு ஆவதைவிடக் கூடக் கூடாது. இணைப்புத் தருவதில் நியாயமற்ற தாமதம் இருக்கக் கூடாது. உங்கள் விஷயத்தில் முதல் நிபந்தனையிலேயே பதில் கிடைத்துவிடும். பொது டிஷ் வேறு நிறுவனத்துடையதா? அல்லது அதே நிறுவனத்துடையதாக இருந்தும் தமிழ்ச் சேனல் தொகுப்பு அந்த இணைப்பில் வருவதில்லையா? இரண்டில் எதுவானாலும் அந்த விலக்கு உங்களைத் தடுக்காது. “நூறு சேனல் வருகிறதே, போதாதா?” என்று கேட்பார்கள். நூறு சேனல் வருவது பதில் ஆகாது. நீங்கள் கேட்ட சேவை வருகிறதா என்பதுதான் கேள்வி. அதே சமயம், அந்தப் பொது இணைப்பில் அதே தொகுப்பு அதே விலைக்கு உண்மையிலேயே வருமானால் சண்டையை விட்டுவிடுங்கள். அப்போது சட்டம் அவர்கள் பக்கம். எனவே முதலில் லீஸிங் ஆபீஸிடம் சேனல் பட்டியலையும் மாதக் கட்டணத்தையும் எழுத்தில் கேளுங்கள். கட்டுப்பாடு நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பு அதை விதிப்பவர்மேல்தான் இருக்கிறது.

அபராதத்துக்கு வருகிறேன். அவர்கள் விடாப்பிடியாக இருந்தால் எஃப்.சி.சி.யிடமோ நீதிமன்றத்திடமோ மனுச் செய்யலாம். பாதுகாப்பு போன்ற காரணம் சொல்லாத சாதாரணத் தடையாக இருந்தால், மனு நிலுவையில் இருக்கும்வரை அதை அமல்படுத்தவோ அபராதம் வசூலிக்கவோ முடியாது. தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தாலும் டிஷ்ஷை அகற்றக் குறைந்தது 21 நாள் அவகாசம் உண்டு. காகிதத்தில் இது அருமையான பாதுகாப்பு. நடைமுறையில், வாஷிங்டனுக்கு மனு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் வாடகைதாரரை யாரும் வந்து பார்ப்பதில்லை. விதியை மீறிய உரிமையாளருக்கு என்ன தண்டனை என்று அந்த விதியில் ஒரு வரி கிடையாது. அதனால்தான், செல்லாது என்று தெரிந்த வாசகத்தை இன்றும் ஆயிரக்கணக்கான லீஸ்களில் அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள். தெரியாதவர் பயந்து கழற்றிவிடுவார், தெரிந்தவருக்குப் பதில் எழுதினால் போதும் என்பதே அவர்கள் கணக்கு. இது எனக்கு ஆண்டுதோறும் கோபத்தை வரவழைக்கிறது.

காலி செய்ய வைப்பதைப் பொறுத்தவரை, நியூ ஜெர்சியில் 1974ஆம் ஆண்டின் சட்டம் உங்களுக்குத் துணை. உங்களுடையது போன்ற வளாகத்தில் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் இல்லாமல், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. அபராதத்தைக் “கூடுதல் வாடகை” என்று லீஸில் எழுதியிருப்பார்கள்; நீங்கள் அனுப்பும் வாடகையிலிருந்து முதலில் அதைக் கழித்துக்கொண்டு, வாடகை பாக்கி என்று வழக்குப் போடுவார்கள். டிஷ் வழக்கு சத்தமில்லாமல் பாக்கி வழக்காக மாறிவிடும். எனவே எந்தக் காரணத்துக்காகவும் வாடகையை நிறுத்த வேண்டாம். காசோலையில் இன்ன மாத வாடகைக்கு மட்டும் என்று எழுதி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் “கூடுதல் வாடகை” வாசகம் உங்கள் லீஸில் இருந்தால் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் உடனே காட்டுங்கள்.

டிஷ்ஷை உள்ளே மாற்றியதும், வெளியே எதுவும் நீளவில்லை என்பது தெரியும்படி கீழிருந்தும் பக்கவாட்டிலும் தேதியுடன் படம் எடுங்கள். பழைய இடத்தில் கம்பியில் கீறல் இல்லை என்பதற்கும் படம் வேண்டும். பின்னால் முன்பணத்தில் கைவைக்க வரும்போது அது உதவும். பிறகு லீஸிங் ஆபீஸுக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். டிஷ் இப்போது எங்கள் பால்கனிக்குள் இருக்கிறது, விட்டம் ஒரு மீட்டருக்குக் குறைவு, எங்கும் துளையிடவில்லை, எஃப்.சி.சி. விதியின்படி இது எங்கள் உரிமை, பொது டிஷ்ஷின் சேனல் பட்டியலையும் கட்டணத்தையும் அனுப்புங்கள், அபராதத்தைக் கைவிட்டதாக எழுத்தில் உறுதி செய்யுங்கள். இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். மாமியாரின் உடல்நிலை, டீலர்மேல் உள்ள கோபம் எதுவும் வேண்டாம். படங்களை இணைத்து, அந்த ஏழு நாள் கெடு முடிவதற்குள் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை லீஸோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.