செவ்வாய்க்கிழமை போன்

ராணுவத்தில் போன், வயர்லெஸ் இணைப்புகளைக் கவனிக்கும் சிக்னல்ஸ் பிரிவில் 24 வருடம் இருந்துவிட்டு, இப்போது தக்கலைப் பக்கம் வாழை வைத்திருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் பதில் சொல்கிறார்.

கேள்வி: இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டையும் போடுகின்றன, போனிலும் பேசுகின்றன. இதில் எது நாடகம்?
கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

ரெண்டுமே நிஜம்தான் மக்கா. பஹல்காமில் 26 பேரைக் கொன்றதற்குப் பதிலடியாக 2025 மே 7 விடியுமுன்னே ஆபரேஷன் சிந்தூர் தொடங்கியது. நாலு நாள் ட்ரோனும் ஏவுகணையும் பறந்தன. 10-ஆம் தேதி மாலை 3.35-க்கு அவர்களுடைய ராணுவ நடவடிக்கைகளுக்கான தலைமை இயக்குநர் நம்முடையவருக்குப் போன் போட்டார். 5 மணியிலிருந்து சுடுவதில்லை என்று முடிவானது. அன்று ராத்திரியே மறுபடி சத்தம் கேட்டது வேறு கதை. நடுவில் நின்று சமாதானம் செய்தது யார் என்ற தகராறுக்கும் நான் வரவில்லை. என் கண் அந்தப் போன் மேலேயே இருக்கிறது. தொழில் புத்தி!

1971 போருக்குப் பிறகு வந்த இணைப்பு அது. செவ்வாய்க்கிழமைதோறும் ரெண்டு பக்கத்து அதிகாரிகளும் அதில் பேசுவது வழக்கம். பெரியவர்கள் எப்போதாவதுதான் வருவார்கள். வாராவாரம் எடுப்பது அவர்களுக்குக் கீழே இருப்பவர்கள். விஷயமே இல்லாவிட்டாலும் எடுக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் என் சொந்த மானக்கேட்டைச் சொல்லியாக வேண்டும்.

2002. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு ரெண்டு நாட்டுப் படையும் எல்லையில் குவிந்து மாசக்கணக்கில் முறைத்துக்கொண்டு நின்ற வருடம். நான் ராஜஸ்தான் மணலில். பீல்டு போனின் கைப்பிடியைச் சுற்றினால் எதிர்முனையில் மணி அடிக்கும். தினமும் காலையில் ஒவ்வொரு லைனையும் சுற்றிப் பார்த்து, 'லைன் ஓகே' என்று நேரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு நாள் குளிர், சோம்பல். ஒரு லைனை மட்டும் சுற்றாமலே ஓகே போட்டேன். மத்தியானம் அவசரச் செய்தி வந்தது. போக வேண்டியது அதே லைனில். கைப்பிடி சும்மா சுழன்றது, மணி இல்லை. ராத்திரியே ஒரு ஒட்டகத்தின் காலில் கம்பி சிக்கி அறுந்திருக்கிறது. எனக்குக் கிடைத்த தண்டனையை எழுத மாட்டேன், பேரப்பிள்ளைகள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள்.

கேள்வி: ராத்திரி எங்கள் மொட்டைமாடியில் நின்றால் கூடங்குளம் வெளிச்சம் தெரியும். அந்த மே மாதம் டிவி பார்த்துவிட்டு மூன்று நாள் தூங்கவில்லை. அங்கே குண்டு விழாதுதானே?
இல்லத்தரசி, அஞ்சுகிராமம்

விழாது என்று நான் கையெழுத்துப் போட முடியாது அம்மா. ஆனால் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று உண்டு. 1988 டிசம்பர் 31, ராஜீவ் காந்தி இஸ்லாமாபாத் போயிருந்தபோது ஆனது. அங்கே அப்போது பெனசிர் பிரதமர். ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்கக் கூடாது என்று ஒப்பந்தம். அதன்படி 1992 முதல் ஜனவரி 1 தோறும், தங்கள் அணு நிலையங்கள் எவை என்ற பட்டியலை டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்கிறார்கள். கார்கில் போருக்கு அடுத்த ஜனவரியிலும் கொடுத்தார்கள். நான் மணலில் கிடந்த 2002-லும் கொடுத்தார்கள்.

ஓட்டையும் இருக்கிறது. சரிபார்க்க ஆள் அனுப்பும் ஏற்பாடு இல்லை. அவர் எழுதியதை இவர் நம்ப வேண்டும். பட்டியலை வெளியில் காட்டுவதும் இல்லை. ஆனாலும் ஆயிரம் மெகாவாட் உலை ரெண்டு ஓடுகிற இடத்தை எந்தக் குமாஸ்தா விட்டிருப்பார்? கராச்சியில் அவர்களுக்கும் கடலோரமாக அணு உலை இருக்கிறது, நம்மைப் போலவே மீன்பிடிக் கிராமங்களுக்குப் பக்கத்தில். அந்தப் பயம் காகிதத்துக்கு முட்டுக் கொடுக்கிறது.

அப்புறம் அந்த டிவி. கராச்சித் துறைமுகம் அழிந்துவிட்டது என்று அந்த வாரம் சில சேனல்கள் சொல்லின. அழியவில்லை. அடுத்த முறை அணைத்துவிட்டுப் படுங்கள்.

கேள்வி: அவர்கள் ஒரு அணுகுண்டு போட்டால் நாம் நூறு போட்டுக் கதையை முடித்துவிடலாமே?
ரப்பர் வியாபாரி, குலசேகரம்

ஷீட் எடை போடுகிற தராசில் போட்ட கணக்கா அண்ணாச்சி? சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் 2025 மதிப்பீட்டில் நம்மிடம் சுமார் 180, அவர்களிடம் சுமார் 170. முதலில் போட மாட்டோம் என்பது 2003-இல் நாம் வெளியிட்ட கொள்கை. அவர்கள் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை.

எனக்குக் கோபத்தைவிடக் கைப்பிழைதான் பயம். 2022 மார்ச் 9-இல் நம் பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானில் மியான் சன்னு பக்கம் போய் விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் அவர்கள் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிச் சொன்னார்கள். நம் பக்கம் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது 11-ஆம் தேதி. பிறகு விமானப்படை அதிகாரிகள் மூன்று பேருக்கு வேலை போனது. அந்த ரெண்டு நாளில் அங்கே யாராவது உங்கள் தராசை எடுத்திருந்தால்?

கேள்வி: என் வீட்டுக்காரர் போட்டில் குஜராத் பக்கம் தங்கலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகிறார். கடலில் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது? பிடித்துக்கொண்டு போனால் எப்போது விடுவார்கள்?
மீனவர் மனைவி, தூத்தூர்

அந்தப் பக்கம் ரெண்டு நாடும் ஒப்புக்கொண்ட கோடே இல்லை தங்கச்சி. கட்ச் ஓரத்தில் சர் கிரீக் என்று 96 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு கடற்கழி. அதன் நடுவில்தான் எல்லை என்கிறோம் நாம். கிழக்குக் கரைதான் எல்லை என்கிறார்கள் அவர்கள். ரெண்டு பேரும் ஆதாரமாகக் காட்டுவது 1914-இல் பம்பாய் அரசு போட்ட அதே தீர்மானத்தை! கழியில் கோடு விழாததால் அதைத் தாண்டிக் கடலிலும் விழவில்லை. அதனால் அங்கே மீன் எவ்வளவு கிடந்தாலும் ரொம்பத் தள்ளியே நிற்கச் சொல்லுங்கள்.

பிடிபட்டவரை மூன்று மாதத்துக்குள் தூதரக அதிகாரி பார்க்க வேண்டும், தண்டனை முடிந்து எந்த நாட்டுக்காரர் என்பதும் உறுதியானால் ஒரு மாதத்தில் அனுப்ப வேண்டும் என்று 2008 ஒப்பந்தம் சொல்கிறது. நடப்பில் இழுக்கும். கைதிகள் பட்டியலையும் வருடத்தில் ரெண்டு தடவை, ஜனவரி 1, ஜூலை 1 என்று மாற்றிக்கொள்கிறார்கள். சண்டை நின்று ரெண்டு மாதம்கூட ஆகாத 2025 ஜூலை 1-லும் அது நடந்தது. அதில் அங்கே இருந்த நம் மீனவர்கள் 193 பேர், இங்கே இருந்த அவர்கள் மீனவர்கள் 81 பேர்.

இழுப்பதற்கு ஒரு காரணம், இவர் இந்தியர்தான் என்று ஊரில் விசாரித்துப் பதில் போகும்வரை ஆகிற காலம். அதனால் அவருடைய ஆதார், மீனவர் அட்டை, போட்டின் பதிவுச் சான்று எல்லாவற்றுக்கும் நகல் எடுங்கள். முக்கியமான காகிதத்தை உங்கள் ஊரில் வேதப்புத்தகத்துக்குள் வைப்பீர்கள் என்று தெரியும். வையுங்கள். இன்னொரு செட்டை உங்கள் அம்மா வீட்டில் கொடுத்துவையுங்கள். கடல் ஏறினால் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரும் இல்லையா?