வாசகர் கேள்வி – பதில்: எல்லாரும் 'அறிவியல் பிடிக்கும்' என்றே எழுதினால்?

கேள்வி: பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒரு தாள் கொடுத்து, 'அறிவியல் பிடிக்குமா?', 'பாடம் புரிகிறதா?' என்று கேட்டேன். நாற்பது பேரும் 'பிடிக்கும்', 'புரிகிறது' என்று எழுதிவிட்டார்கள். இப்படிச் சர்வே எடுப்பதில் என்ன பயன்?

இந்தக் கேள்விகளால் பயனில்லைதான். பாடம் நடத்துகிறவரே தாளை வாங்கப்போகிறார் என்னும்போது 'பிடிக்கவில்லை' என்று எழுத எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்? விருப்பத்தை விட்டுவிட்டு, நடந்ததைக் கேளுங்கள். 'போன வருஷம் படித்த அறிவியல் பாடங்களில் எதைப் பற்றி வீட்டில் பேசினாய்?' என்பது ஒன்று. 'இவற்றில் எதையெல்லாம் இதுவரை உன் கையால் செய்ததில்லை?' என்பது இன்னொன்று. இதற்குக் கீழே பர்னர் பற்றவைப்பது, தராசில் நிறை பார்ப்பது, மைக்ராஸ்கோப்பில் பிம்பத்தைத் தெளிவாக்குவது, அளவு நிர்ணயித்து வரைபடம் வரைவது, வகுப்பு முன்னால் நின்று முடிவைச் சொல்வது என்று கட்டம் போட்டுக் கொடுங்கள். பாதிப் பேர் மைக்ராஸ்கோப்பைத் தொட்டதே இல்லை என்று தெரிந்தால், வெங்காயத் தோல் செய்முறைக்கு முன் அந்தத் திருகுகளைத் திருப்பிப் பழகுவதற்கென்றே ஒரு பீரியட் ஒதுக்கலாம். ஒதுக்காவிட்டால் காற்றுக் குமிழியைப் பார்த்துவிட்டு 'செல்' என்று வரைந்து தருவார்கள்.

எட்டு கேள்விகள், பன்னிரண்டு நிமிடம் போதும். கேள்வி கூடக் கூடக் கடைசிப் பக்கத்தில் டிக் எல்லாம் ஒரே வரிசையில் நேர்கோடாக இறங்கும். படிக்காமல் போட்டது என்று பார்த்ததும் தெரியும். வாக்கியமாக எழுத வேண்டிய கேள்வி இரண்டுக்கு மேல் வேண்டாம்.

'முழுக்கச் சரி' முதல் 'சரியே இல்லை' வரை ஐந்து படி வைப்பது 1932-இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் வகுத்த முறை. அதில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. 'கணக்குகளும் செய்முறையும் கஷ்டமாக இருக்கின்றன' என்று ஒரே வரியில் இரண்டைக் கேட்டால், டிக் எதற்கு விழுந்தது என்று தெரியாது. நடுக்கட்டத்தில் சிலர் 'பரவாயில்லை' என்றும், சிலர் 'கேள்வியே புரியவில்லை' என்றும் டிக் போடுவார்கள். 'தெரியவில்லை' என்று ஒரு தனிக் கட்டம் வைத்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

கேள்வி: பெயர் எழுதச் சொல்வதா, வேண்டாமா?

இரண்டு தாளாகப் பிரித்துவிடுங்கள். யார் என்று தெரிந்தால்தான் உதவ முடியும் என்கிற விஷயங்களுக்குப் பெயருடன் அரைத்தாள்: கரும்பலகை தெரிகிறதா, பின்பெஞ்சில் குரல் கேட்கிறதா, லேபில் எதற்காவது ஒவ்வாமை அல்லது மூச்சுத்திணறல் வந்ததுண்டா. இந்தத் தாளை மாணவர்களைவிட்டுச் சேகரிக்கக் கூடாது. நீங்களே வாங்கிப் பூட்டி வையுங்கள்.

இதில் பலர் மறப்பது நிறப்பார்வை. சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாத குறைக்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பையன்களிடம் இது அதிகம். தனக்கு அந்தக் குறை இருப்பதே பலருக்குத் தெரியாது. அதனால் 'நிறக்குருடு உண்டா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் வரும். 'மற்றவர்கள் சொல்லும் நிறம் உனக்கு வேறாகத் தெரிந்ததுண்டா?' என்று கேளுங்கள். தரம்பார்த்தலில் (அமிலம் அல்லது காரத்தின் செறிவைக் கண்டுபிடிக்கும் செய்முறை) மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியின் நிறமாற்றத்தைத் தவறவிடும் மாணவனைக் கவனக்குறைவு என்று திட்டுவதற்கு முன் இந்தத் தாளைப் புரட்டிப் பார்க்கலாம்.

பயம், கூச்சம், பாடம் நடத்தும் வேகம் பற்றியெல்லாம் பெயரில்லாத தாளில் கேளுங்கள். கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். எனவே அதில் டிக் மட்டும். ஆன்லைன் படிவம் என்றால், மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்யும் வசதியை அணைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே 'யாரென்று தெரியாது' என்று வாக்குக் கொடுங்கள்.

கேள்வி: மாணவர்கள் மனதில் ஏற்கெனவே ஊறிப்போன தவறான கருத்துகளைச் சர்வேயில் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். அறிவியல் வகுப்புக்குச் சர்வே எடுப்பதில் பெரிய லாபமே இதுதான். வரையறை கேட்காதீர்கள், மனப்பாடம்தான் வரும். ஒரு நிகழ்வைக் கொடுங்கள்.

உதாரணமாக: 'சிறு விதை பெரிய மரமாகிறது. காய்ந்த மரக்கட்டையின் நிறையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? மண் / தண்ணீர் / காற்று / சூரிய ஒளி.' கீழே காரணத்துக்கு ஒரு வரி. அதற்கும் கீழே 'நிச்சயம் / ஓரளவு / ஊகம்' என்று மூன்று கட்டங்கள். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதுகிறவர்களும் இங்கே 'மண்' என்று டிக் போடுவார்கள். கட்டையில் உள்ள கார்பனும் ஆக்சிஜனும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தவை என்பது சமன்பாட்டில் இருக்கிறது, மனதில் இல்லை. 'நிச்சயம்' என்று டிக் போட்டு 'மண்' என்றவர்தான் உங்கள் கவனத்துக்கு உரியவர். ஊகித்தவர் சொன்னால் மாற்றிக்கொள்வார்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதினேழாம் நூற்றாண்டு வேதியியலாளர் வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 169 பவுண்டு ஆயிற்று, மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ். 1648-இல் அச்சேறிய அந்தச் சோதனையிலிருந்து அவர் கண்ட முடிவு: எல்லாம் தண்ணீர்! அவரும் நம் தாளில் தவறான கட்டத்தில்தான் டிக் போட்டிருப்பார். வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்து 'மண் ஏன் குறையவில்லை?' என்று கேட்டே பாடத்தைத் தொடங்கலாம்.

இதே மாதிரி, கொதிக்கும் நீரின் குமிழிக்குள் என்ன இருக்கிறது, உப்பு கரைந்தபின் கரைசலின் நிறை என்ன ஆகும், பல்பைத் தாண்டிய மின்னோட்டம் குறையுமா என்று கேட்கலாம். ஒரு தாளில் மூன்று போதும். மதிப்பெண் போடாதீர்கள், விடையையும் அன்றைக்கே சொல்லிவிடாதீர்கள். பாடம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அதே கேள்வியைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: 'ஒரு விஞ்ஞானியை வரை' என்று சொல்லும் பயிற்சி உதவுமா?

சின்ன வகுப்புகளுக்கு உதவும். டேவிட் சேம்பர்ஸ் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் 4,807 குழந்தைகள் வரைந்தார்கள். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர், அத்தனை பேரும் சிறுமிகள். ஆனால் வெள்ளைக் கோட்டும் கண்ணாடியும் வரைந்ததை வைத்து அந்தக் குழந்தை அப்படித்தான் நம்புகிறது என்று முடிவு கட்ட வேண்டாம். பார்ப்பவருக்கு விஞ்ஞானி என்று அடையாளம் தெரிய வேண்டுமே என்றும் வரைந்திருக்கலாம். 'இவர் இப்போது என்ன வேலை செய்கிறார்?' என்று படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதவையுங்கள். படத்தைவிட அந்த வரிகள் அதிகம் சொல்லும்.

கேள்வி: நான்கு பிரிவுகள், 160 தாள்கள். எப்படித் தொகுப்பது?

முதல் தடவை கணினி வேண்டாம். மரக்கட்டை போன்ற, தவறான கருத்தைக் கண்டுபிடிக்கும் கேள்விகளில் ஒன்றை எடுத்து, விடைப்படி தாள்களைக் குவியலாகப் பிரித்து எண்ணுங்கள். பிறகு அடுத்த கேள்வி. 40 பேர் வகுப்பில் சதவீதம் போடுவதைவிட '23 பேர் மண் என்றார்கள்' என்று எழுதி வைப்பது தெளிவு. பிரிவுகளை ஒன்றாகக் கலக்காதீர்கள், ஒரு பிரிவில் தேவைப்படுவது இன்னொன்றில் தேவைப்படாது.

ஒரு வாரத்துக்குள், தாளைப் பார்த்து மாற்றிய ஏதாவது ஒன்றை வகுப்பில் சொல்லிவிடுங்கள்: 'பர்னர் பற்றவைக்கப் பலருக்குப் பயம் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் இன்று இரண்டிரண்டு பேராக அதை மட்டும் செய்கிறோம்.' இதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த சர்வேயில் மறுபடியும் நாற்பது 'பிடிக்கும்' வரும்.