டேங்க்கை விடுங்கள், வயரைப் பாருங்கள்

கேள்வி: என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் 12 வோல்ட் ஏர் கம்ப்ரஸரை நிரந்தரமாகப் பொருத்தப் போகிறேன். மணலில் இறங்கும் முன் டயரில் காற்றைக் குறைத்து, வெளியே வந்ததும் திரும்ப ஏற்றிக்கொள்ளத்தான். காற்றைச் சேர்த்து வைக்க 4 லிட்டர் டேங்க்கும் வைத்தால் சீக்கிரம் நிரம்பும் என்கிறார்கள். வைக்கலாமா? கம்ப்ரஸரை எங்கே மாட்டுவது?

பதில்: டயருக்கு மட்டும் என்றால் டேங்க் வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 லிட்டர் கொள்ளும் டயரை 18 பிஎஸ்ஐயிலிருந்து 32க்கு ஏற்ற, வெளிக்காற்று கிட்டத்தட்ட 76 லிட்டர் உள்ளே போயாக வேண்டும். உங்கள் டேங்க்கை 150 பிஎஸ்ஐ வரை நிரப்பி வைத்தாலும் அது 32க்கு இறங்குவதற்குள் தருவது 32 லிட்டர்தான், முதல் டயருக்கே பாதி தேறாது, மற்ற மூன்றுக்கும் கம்ப்ரஸர்தான் உழைக்க வேண்டும். ஏர் லாக்கர் (இரு பக்கச் சக்கரமும் ஒன்றாகச் சுழலும்படி காற்றழுத்தத்தால் பூட்டும் அமைப்பு) இருக்கிறது, அல்லது ஏர் கன் வைத்து வீல் நட்டு கழற்றப் போகிறீர்கள் என்றால் சரி, அப்போது டேங்க் தேவை.

இடம் என்று வரும்போது வெப்பம்தான் முதல் எதிரி. நாலு டயருக்குக் காற்றேற்றி முடிக்கும்போது கம்ப்ரஸரின் தலைப்பகுதி கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அதை எஞ்சின் புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கத்திலேயே மாட்டினால் பாதுகாப்பு ஸ்விட்ச் வேலையைப் பாதியில் நிறுத்திவிடும். பானெட்டுக்குள் பேட்டரிப் பக்கமாக, காற்றோட்டம் உள்ள மூலையில் இடம் இருந்தால் அதுவே நல்லது. சேஸிஸுக்கு அடியில்தான் இடம் என்றால், தண்ணீருக்குள் இறங்கும்போது அதையும் உறிஞ்சிவிடாதபடி ஃபில்டரை ஒரு ஹோஸ் போட்டு மேலே கொண்டுபோய் வையுங்கள். அப்புறம், கம்ப்ரஸரிலிருந்து காற்று வெளியேறும் வாயில் பிளாஸ்டிக் குழாயை நேரே மாட்டாதீர்கள், சூட்டில் இளகிப் பிய்த்துக்கொண்டு வரும். முதல் துண்டு கம்பி வலை போர்த்திய ஹோஸாகவே இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், பலர் கோட்டை விடுவது அங்கேதான். வயர்! 30 ஆம்பியர் இழுக்கும் கம்ப்ரஸரை வண்டியின் பின்பக்கம் மாட்டி, போக வர 8 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் வழியிலேயே ஏறக்குறைய 1.8 வோல்ட் காணாமல் போகும். மோட்டார் திணறும், நீங்கள் கம்ப்ரஸரைத் திட்டுவீர்கள். அதே தூரத்துக்கு 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் அரை வோல்ட்கூடக் குறையாது. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வையுங்கள், ஏனென்றால் அது காப்பாற்றுவது வயரை. டேஷ்போர்டு ஸ்விட்ச் ரிலேயை (சிறு கரண்டில் இயங்கி பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) மட்டும் இயக்கட்டும், முழுக் கரண்டும் அதன் வழியாகப் போகக் கூடாது.

கேள்வி: டேங்க், அழுத்தம் குறைந்தால் கம்ப்ரஸரை ஓடவிட்டு நிரம்பியதும் நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச் எல்லாம் வைத்துவிட்டேன். யாரும் காற்றைத் தொடாதபோதும் கம்ப்ரஸர் அவ்வப்போது தானாக ஓடி நிற்கிறது. ஸ்விட்ச் கோளாறா?

பதில்: ஸ்விட்சைச் சந்தேகப்படும் முன் கசிவைத் தேடுங்கள். டேங்க் நிரம்பியதும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவுங்கள், பொடிப்பொடியாகக் குமிழி வரும் இடத்தைக் கழற்றித் துடைத்துவிட்டுப் புதிதாக டெஃப்லான் டேப் சுற்றுங்கள். சுற்றும்போது முதல் ஒன்றிரண்டு மரையை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அறுந்த வெள்ளை நூல் போன்ற துணுக்கு உள்ளே போய், டேங்க் காற்று கம்ப்ரஸருக்குத் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வை முழுதாக மூடவிடாமல் செய்யும். வெளியில் எங்கும் குமிழி இல்லை, ஆனால் கம்ப்ரஸர் நின்ற பிறகும் ஃபில்டர் பக்கம் மெல்லிய உஸ் சத்தம் கேட்கிறது என்றால் பிரச்சினை அந்த வால்வில்தான். ரிலேயை இயக்கும் கரண்டை இக்னிஷனிலிருந்து எடுங்கள், வண்டி நிற்கும் இரவில் பேட்டரி வற்றாது. டேங்க்கில் சேரும் தண்ணீரையும் அடிக்கடி திறந்துவிடுங்கள்.

கேள்வி: காற்றேற்றும்போது எஞ்சின் ஓட வேண்டுமா?

பதில்: கட்டாயம் ஓட வேண்டும். மோட்டாருக்கு வோல்டேஜ் கூடுதலாகக் கிடைக்கும், காற்றும் சீக்கிரம் ஏறும், வேலை முடிந்ததும் ஸ்டார்ட் ஆகாமல் நிற்க வேண்டியிருக்காது. மூடிய கொட்டகைக்குள் மட்டும் செய்யாதீர்கள், புகை ஆளைச் சாய்த்துவிடும்.