தும்பிக்கை ஏன் விழுகிறது? கலைப் பட்டறை கேள்வி – பதில்

பள்ளிக்கூடங்களுக்கும் ஊர்க்கூடங்களுக்கும் போய்ப் பட்டறை நடத்துகிறவர்கள் இந்த மாதம் அனுப்பிய கேள்விகளில் சில.

கேள்வி (சேரன்மகாதேவி): நடுநிலைப் பள்ளியில் 40 பிள்ளைகளை வைத்துக் களிமண் பொம்மை செய்தோம். மறுநாள் யானைக்குத் தும்பிக்கை இல்லை, மாட்டுக்குக் கொம்பு இல்லை. மிஞ்சியதைச் சூளையில் வைத்தால் பாதி வெடித்துவிட்டது. மண் சரியில்லையா?

பதில்: மண்ணின் மேல் பழி போடாதீர்கள். தும்பிக்கை விழுந்தது ஒரு கோளாறு, சூளையில் வெடித்தது வேறு கோளாறு.

ஈர மண் காயக் காயச் சுருங்கும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை சுருங்குவது சாதாரணம். சுண்டுவிரல் கனமுள்ள தும்பிக்கை சீக்கிரம் காய்ந்து சுருங்கிவிடும்; கைமுட்டி அளவு உடம்போ அப்போதும் ஈரமாகவே இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் இழுவை விழுந்து பிளந்துகொள்ளும். ஆனி, ஆடிக் காற்றில் கேட்கவே வேண்டாம். பிள்ளைகள் தண்ணீரைத் தொட்டு ஒட்டிவிடுவார்கள், அது நிற்காது. ஒட்டும் இரண்டு முகத்தையும் ஈர்க்கால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணைத் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்துத் தடவி, அழுத்தி, லேசாகத் திருகி ஒட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் காது, கொம்பு, தும்பிக்கை மேல் மட்டும் ஈரத் துணித் துண்டைப் போட்டு, மொத்தத்தையும் செய்தித்தாளால் மூடி இரண்டு நாள் நிழலில் வையுங்கள். அதற்குப் பிறகு துணியை எடுத்துவிட்டு ஒரு வாரம் காயட்டும். மின்விசிறிக்கு அடியில் மட்டும் வேண்டாம்.

வெடித்ததற்கு, உள்ளே காற்று மாட்டிக்கொண்டதுதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் ஈரம்தான். சூடு 100 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே மிஞ்சிய தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மண்ணையே பிளக்கும். பொம்மையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. எந்த இடமும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் கனமாக இருக்கக் கூடாது. உடம்பு பருமனாக வந்துவிட்டால் பாதி காய்ந்த பதத்தில் கரண்டிக் காம்பால் அடியிலிருந்து குடைந்துவிடுங்கள்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. சூளையிலிருந்து நல்லபடியாக வந்த பொம்மையில் நாலைந்து நாள் கழித்துக் காசு அகலத்துக்குச் சில்லு பெயரும். பெயர்ந்த குழியின் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கிறதா பாருங்கள். அது நத்தை ஓடு. சூளையில் வெந்து சுண்ணாம்பாகி, பிறகு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ஊதிக்கொண்டு மேல்மண்ணைத் தள்ளிவிடுகிறது. குளத்தில் நேராக அள்ளிய மண்ணில் இந்தத் தொல்லை வரும். ஆகவே காருகுறிச்சி போல மண்பாண்டத் தொழில் நடக்கும் ஊரில், சலித்து மிதித்துப் பக்குவப்படுத்திய மண்ணாக வாங்குங்கள். பிள்ளைக்கு 400 கிராம் என்றால் 40 பேருக்கு 16 கிலோ. சேதாரத்தையும் சேர்த்து 20 கிலோ. ஈரச் சாக்கில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிட்டால் ஒரு வாரம் தாங்கும். மண் தரும் குயவரிடமே கேட்டால் சூளையில் பானை அடுக்கும்போது இடுக்கில் உங்கள் பொம்மைகளையும் வைத்துத் தரக்கூடும். ஈரப் பொம்மையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது வெடித்தால் பக்கத்திலிருக்கும் அவருடைய பானையும் போகும்.

கை கழுவக் குழாயடிக்கு அனுப்ப வேண்டாம், வடிகால் அடைத்துக்கொள்ளும். இரண்டு வாளியில் தண்ணீர் வையுங்கள்: முதலாவது சேறு போக, இரண்டாவது அலச. அடியில் தங்கும் சேற்றை மரத்தடியில் கொட்டிவிடலாம்.

கேள்வி (திசையன்விளை): பள்ளிச் சுற்றுச்சுவரில் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வரைந்த படம் ஆறே மாதத்தில் தோல் தோலாக உரிகிறது. நல்ல எமல்ஷன்தான் வாங்கினோம்.

பதில்: எமல்ஷன் நன்றாகத்தான் ஒட்டியிருக்கும், ஆனால் சுவரில் ஒட்டவில்லை, சுவர் மேல் இருந்த சுண்ணாம்புப் பொடியில் ஒட்டியிருக்கிறது. உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள், பின்புறம் வெள்ளையாக மாவு இருக்கும். வேலை தொடங்குமுன் உள்ளங்கையைச் சுவரில் தேய்த்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. கையில் வெள்ளை ஒட்டினால் அத்தனையையும் கம்பித் தூரிகையால் சுரண்டி, கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, பிறகு பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் பூசும் வெளிச்சுவர் பிரைமர் அடிக்க வேண்டும். சுரண்டும் வேலை பெரியவர்களுடையது. பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் தூளைப் பிள்ளைகள் மூச்சில் இழுக்க விடாதீர்கள்.

அளவு: 8 அடி உயரம், 30 அடி நீளம் என்றால் 240 சதுர அடி. பிரைமர் 3 லிட்டர், இரண்டு கை வெள்ளை எமல்ஷனுக்கு 4 முதல் 5 லிட்டர். வெளிர் நிறங்களுக்கு அதே வெள்ளையில் ஸ்டெய்னர் என்ற நிறக் கரைசலைக் கலந்துகொள்ளலாம். அடர்சிவப்பு வேண்டுமென்று ஸ்டெய்னரை ஊற்றிக்கொண்டே போனால் சிவப்பு வராது, ரோஸ்தான் வரும், காயவும் காயாது. அடர்நிறங்களைக் கடையில் தயாராகவே வாங்குங்கள்.

உங்கள் பக்கம் கடற்காற்று வேறு. தரையிலிருந்து ஏறும் ஈரத்தோடு உப்பும் ஏறி, அடிச்சுவரில் பூத்து, பெயின்ட்டைத் தள்ளும். அதை எந்த பிரைமரும் முழுசாகத் தடுக்காது. கீழே இரண்டடியில் படமே வரையாமல் காவிப்பட்டை அடித்துவிடுங்கள். உரிந்தால் அதை மட்டும் திரும்ப அடித்துக்கொள்ளலாம். கோயில் மதில்களில் பட்டை அடிக்கிற ஊரில் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியாது.

படத்தைச் சுவருக்கு ஏற்ற, தாளில் ஒரு அங்குலக் கட்டம், சுவரில் ஒரு அடிக் கட்டம். சாக்பீஸ் பொடி தேய்த்த நூலை இருவர் இழுத்துப் பிடிக்க, மூன்றாமவர் சுண்டினால் கோடு விழும். மேற்குப் பார்த்த சுவரென்றால் காலையிலேயே முடித்துவிடுங்கள். வெயில் ஏறிய சுவரில் தூரிகை இழுக்கும்போதே பெயின்ட் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். பிள்ளைகளின் நெஞ்சு உயரத்துக்கு மேல் இருப்பதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஐப்பசி, கார்த்திகையில் சுவர் வேலையே வேண்டாம்.

கேள்வி (தென்காசி): 45 நிமிடப் பாடவேளையில் வண்ணம் தீட்டவே நேரம் இல்லை. கொடுக்கவும் வாங்கவும் மணி அடித்துவிடுகிறது.

பதில்: இரண்டு பாடவேளையைச் சேர்த்துக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் வண்ணத்தை விட்டுவிட்டு மெழுகுக் கிரேயான் கொடுங்கள். 90 நிமிடம் கிடைத்தால் கடைசி 20 நிமிடம் கழுவவும் படங்களைச் சுவரோரம் வைத்துப் பார்க்கவும். ஐந்து பேருக்கு ஒரு தட்டு. அதில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை இரண்டிரண்டு தேக்கரண்டி. கறுப்பு வேண்டாம், பத்து நிமிடத்தில் தட்டு முழுக்கச் சாம்பலாகிவிடும். தண்ணீருக்குச் சிரட்டை போதும். அது உருளும் என்பதால் பழைய துணியைச் சும்மாடு போலச் சுருட்டி அதன் மேல் வையுங்கள். தண்ணீரைக் கடைசியாகக் கொடுங்கள். முதலில் கொடுத்தால் நீங்கள் பேசுவது ஒருவர் காதிலும் ஏறாது.

கேள்வி (பாளையங்கோட்டை): பத்தமடைப் பாய் முடைவதை ஒரு நாள் பட்டறையில் சொல்லித்தர முடியுமா?

பதில்: முடியாது. கோரையைக் கிழித்து, ஊறவைத்து, சாயமேற்றுவதற்கே பல நாள் ஆகும். நெய்கிறவரை அழைத்து அவர் நெய்வதைப் பார்க்க வையுங்கள். அவருக்குச் சம்பளம் கொடுத்து அழையுங்கள், பொன்னாடை போதாது. பிள்ளைகளுக்கு ஒரு சென்டிமீட்டர் காகிதப் பட்டைகளில் ஊடும் பாவும் புரிந்தால் அன்றைக்குப் போதும்.

கேள்வி (களக்காடு): மகளிர் குழுவுக்கு ஓவியப் பட்டறை. “எனக்கு வரையவே வராது தம்பி” என்று தாளைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்து உள்ளே வையுங்கள். தரையில் 15 புள்ளிக் கோலம் போடுகிறவர்கள் அவர்கள். பழுப்புத் தாளை நாலடிக்குத் தரையில் விரித்து, பெயின்ட்டைக் கோலமாவுக் கரைசல் பதத்துக்குக் கரைத்து, துணியில் நனைத்து விரலால் இழுக்கச் சொல்லுங்கள். புள்ளி வைத்ததும் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, “அக்கா, இந்தப் புள்ளியில் ஒன்றை மட்டும் இடம் மாற்றுங்களேன்” என்று கேட்பதுதான். கோடு எங்கே போவது என்று அங்கேயே வாக்குவாதம் ஆரம்பித்துவிடும். அப்போது வாயைத் திறக்காதீர்கள்.