அடுத்த கீமோவுக்கு முன்பே தேடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: புற்றுநோயும் கிளினிக்கல் ட்ரயலும்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. கீமோ முடிந்து சில மாதங்களிலேயே கட்டி மறுபடி வளர்ந்திருக்கிறது. அடுத்த வாரம் வேறு கீமோ தொடங்கலாம் என்கிறார் டாக்டர். புது மருந்து ட்ரயல் ஏதாவது நடக்கிறதா என்று எங்கே பார்ப்பது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். பலர் மூன்று கீமோ மாற்றிப் பார்த்து, உடம்பு தளர்ந்த பிறகுதான் ட்ரயலைத் தேடுகிறார்கள். ஆனால் பல ட்ரயல்களில், இதுவரை எத்தனை வகை சிகிச்சை எடுத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. கடைசி கீமோவுக்கும் ட்ரயல் மருந்துக்கும் நடுவே மூன்று, நான்கு வார இடைவெளியும் கேட்பார்கள். புது கீமோ ஏறிவிட்டால் இரண்டுமே கைவிட்டுப் போகலாம். அதற்காக நீங்களாகவே சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். "பத்து நாள் தாமதித்தால் ஆபத்தா?" என்று டாக்டரிடமே கேளுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் காத்திருப்பது தவறு.

அதற்கும் முன்னால் ஒன்று. கட்டிக்கு எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., பி.டி.எல்.1 சோதனைகள் செய்தாயிற்றா? செய்யாமல் ட்ரயல் தேடுவது தலைகீழ் வேலை. முதல் இரண்டில் ஒன்று பாசிட்டிவாக இருந்தால், ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட மாத்திரையே இருக்கிறது. அது ட்ரயலைவிட மேல்.

தேட வேண்டிய இடம் சி.டி.ஆர்.ஐ. எனப்படும் கிளினிக்கல் ட்ரயல்ஸ் ரெஜிஸ்ட்ரி – இந்தியா. 2007இல் தொடங்கிய அரசுப் பதிவேடு; யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆங்கிலத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். 'லங் கேன்சர்' என்று மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். 'கார்சினோமா லங்', 'நான் ஸ்மால் செல்', 'மாலிக்னன்ட் நியோபிளாசம்' என்றும் போடுங்கள். ஒரே நோயை ஒவ்வொரு ஆய்வாளரும் ஒவ்வொரு பெயரில் பதிந்திருப்பார்கள். பதிவைத் திறந்ததும் ஆள் சேர்ப்பு நிலையைப் பாருங்கள். உலக அளவில் ஒன்று, இந்தியாவுக்கு ஒன்று என்று இரண்டு வரி இருக்கும். உங்களுக்கு வேண்டியது இந்தியாவுக்கானது. அடுத்து, சேரத் தகுதியும் சேர முடியாத காரணங்களும். பிறகு எந்தெந்த மருத்துவமனை, யாரைத் தொடர்புகொள்வது என்பது. பன்னாட்டு மருந்துக் கம்பெனிகளின் ட்ரயல்களுக்கு அமெரிக்க அரசின் கிளினிக்கல்ட்ரயல்ஸ்.கவ் தளத்தையும் பாருங்கள். நாடு என்ற இடத்தில் இந்தியா என்று கொடுத்தால் போதும்.

'ஆள் சேர்க்கிறோம்' என்று இருப்பதை அப்படியே நம்பிப் பஸ் ஏறாதீர்கள். பதிவை மாதக்கணக்கில் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம். முதலில் போன். "எங்கள் ஊருக்குப் பக்கத்து மையத்தில் இடம் இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வர வேண்டும்?" என்று கேளுங்கள். வாராவாரம் ரத்தப் பரிசோதனை என்றால், தஞ்சாவூரிலிருந்து வேலூருக்கோ சென்னைக்கோ வந்து போவதே தனிச் சிகிச்சை மாதிரி ஆகிவிடும்.

கையில் பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன் சி.டி., கொடுத்த மருந்துகளின் பெயரும் தேதியும் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கட்டும். பயாப்ஸி செய்த லேபில் திசுவை மெழுகில் பதித்த 'பிளாக்' இருக்கும். அது எங்கே என்று இப்போதே விசாரியுங்கள். பிளாக் கிடைக்காமல் மறுபடி ஊசி போட்டுத் திசு எடுக்க நேர்கிறது. அது முடியாமல் ட்ரயலையே இழப்பவர்களும் உண்டு.

நிராகரிப்புக்கு வழக்கமான காரணங்கள்: படுக்கையிலேயே பெரும்பகுதி நேரம் கழிவது (நடமாடி, இலகுவான வேலையாவது செய்பவரையே பெரும்பாலும் எடுப்பார்கள்), பிளேட்லெட் 1,00,000க்குக் கீழே இருப்பது, பிலிருபின் (கல்லீரல் நிலையைக் காட்டும் ரத்த அளவு) இயல்பின் உச்ச அளவைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டுவது, மூளைக்குப் பரவியதற்குச் சிகிச்சை எடுக்காதது. நாட்டு மருந்து சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கல்லீரல் அளவுகள் ஏறுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நிறுத்தினால் இறங்கவும் கூடும்.

கேள்வி: ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் சிகிச்சை ட்ரயல் என்று நான்கு லட்சம் கேட்கிறார்கள். சி.டி.ஆர்.ஐ. எண்கூட இருக்கிறதாம். நம்பலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவது ட்ரயல் அல்ல, வியாபாரம். (மருத்துவமனைகள் தாமே நடத்தும் சில ஆய்வுகளில் வழக்கமான ஸ்கேன், வழக்கமான கீமோ போன்றவற்றுக்குக் கட்டணம் இருக்கலாம். அது வேறு.) பதிவேட்டில் எண் இருப்பது அரசு அனுமதி அல்ல; பதிந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். அந்த எண்ணை நீங்களே தேடித் திறந்து, எதிக்ஸ் கமிட்டி (நோயாளியின் நலன் காக்க ஆய்வைப் பரிசீலிக்கும் குழு) ஒப்புதலையும் டி.சி.ஜி.ஐ. (மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி) அனுமதி என்ற வரியையும் பாருங்கள். நோயின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். வேறு ஏதோ ஆய்வின் எண்ணைக் காட்டி ஏமாற்றவும் வழி இருக்கிறது.

கேள்வி: பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுப்பார்களாமே? அம்மாவைச் சோதனை எலி ஆக்க மனம் வரவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சிகிச்சை இருக்கிற புற்றுநோய்க்கு வெறும் மாத்திரையை மட்டும் கொடுத்து விட்டுவிடுவதை எதிக்ஸ் கமிட்டி பொதுவாக ஏற்காது. பெரும்பாலும் ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை, மறு பிரிவுக்கு அதோடு புது மருந்து. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அப்படித்தான் ஓர் ஆய்வு நடத்தியது. 151 பேர். எல்லோருக்கும் மூன்று மாத்திரைகள் கொண்ட சிகிச்சை. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடவே நிவோலுமாப் என்ற நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம். ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் விகிதம் அந்த மூன்று மாத்திரைகளை மட்டும் பெற்ற பிரிவில் 16.3 சதவீதம், நிவோலுமாப் சேர்ந்த பிரிவில் 43.4. விலை கட்டுப்படியாகாத மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வு அது.

ஆனால் எந்தப் பிரிவில் விழுவோம் என்பதை நீங்களோ டாக்டரோ தேர்ந்தெடுக்க முடியாது. முதல் கட்ட ட்ரயல் என்றால் நோக்கமே பாதுகாப்பான டோஸைக் கண்டுபிடிப்பதுதான். குணமாகும் என்ற எதிர்பார்ப்போடு அதில் சேர வேண்டாம்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போடச் சொன்னால் மறுக்கலாம். எந்த நாளும் காரணம் சொல்லாமல் விலகலாம். வழக்கமான சிகிச்சை நிற்காது. ட்ரயலால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு கிளினிக்கல் ட்ரயல் விதிகளில் உண்டு. ட்ரயல் முடிந்தபின் மருந்து கிடைக்குமா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். பலன் தெரிந்து, மாற்று மருந்து இல்லாமல், ஆய்வாளர் பரிந்துரைத்து, எதிக்ஸ் கமிட்டியும் ஒப்புக்கொண்டால், அதே விதிகளின்படி கம்பெனி இலவசமாகத் தர வேண்டும்.